நான் சொன்னதும் அவள் சொன்னதும்

அந்தப் பெண் மூன்று வாரம் என் எதிரில் உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு. செவ்வாயும் வெள்ளியும் இரண்டாவது பீரியடில் வருவாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, வலது கையைச் சீருடைப் பாவாடையின் பைக்குள் விட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்ப்பாள். மணி அடித்ததும் எழுந்து போய்விடுவாள். வகுப்பிலும் அப்படித்தான் இருக்கிறாள், பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாள் என்று வகுப்பு டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். காலையில் தினமும் தாமதமாக வருகிறாள் என்றும் எழுதியிருந்தார்.

கேரள மலையில், காந்தலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஒப்பந்தக் கவுன்சிலராக இருந்தேன். லேபுக்குப் பின்னால், உடைந்த குடுவைகளும் பழைய வரைபடங்களும் கிடந்த ஒரு சின்ன அறையை ஒதுக்கித் தந்திருந்தார்கள். என் வீடு பாலக்காட்டில். கணவருக்குப் பக்கத்துச் சித்தூரில் செருப்புக் கடை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மலை இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக பஸ் மாறி மாறி வீட்டுக்குப் போவேன். ஏழு வயது மகள் மாமியாரிடம் இருந்தாள். கணவரின் அண்ணன் காய்கறி வியாபாரி. காந்தலூரில் காரட்டும் பூண்டும் எடுக்க வாரம் ஒருமுறை லாரியோடு வருவார். எனக்கு அங்கே வாடகை அறை பார்த்துக் கொடுத்ததும் அவர்தான்.

வேலையோடு ஓர் ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். வளரும் பிள்ளைகள் தங்களைப் பற்றி யாரிடம் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்வதில்லை என்பதுதான் பொருள். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் இருந்தது. புத்தகத் தமிழில் ‘தன்னை வெளிப்படுத்தல்’ என்று எழுதினேன். பிள்ளைகளிடம் ‘மனசு விட்டுப் பேசுறது’ என்றால்தான் புரிந்தது. உடம்பு, படிப்பு, பயம், வீட்டு விஷயம் என்று கேள்விகளை இடது பக்கம் அடுக்கி, வலது பக்கம் அம்மா, அப்பா, கூடப் படிக்கும் கூட்டுக்காரி, டீச்சர் என்று கட்டம் போட்டிருந்தேன். யாரிடம் சொல்வீர்களோ அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். முதல் நாள் தாள்களைக் கொடுத்தபோதே ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், யாருட்டயும் இல்லன்னா எங்க டிக் அடிக்கணும்?” என்று கேட்டாள். அப்படி ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவே இல்லை. அன்று எல்லாத் தாள்களையும் திருப்பி வாங்கி, கையாலேயே கோடு இழுத்து இன்னொரு கட்டம் சேர்த்தேன். அதிகம் நிறைந்ததும் அந்தக் கட்டம்தான்.

இந்தப் பெண் அந்தத் தாளில் எல்லாக் கேள்விக்கும் அந்தக் கடைசிக் கட்டத்திலேயே டிக் அடித்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் நான் அவளை அழைத்தேன்.

பேசாத பிள்ளையைப் பேசவைக்க எனக்குக் கற்றுத் தந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். படம் வரையச் சொன்னேன். பேசாமலே உடன் உட்கார்ந்திருந்தேன். நான்காவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, வேறு வழி தெரியாமல் என்னைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் தன்னைத் திறந்தால் எதிரில் இருப்பவரும் திறப்பார் என்பது என் ஆய்வின் அடிப்படை. கவுன்சிலரும் சொல்லலாம், ஆனால் கொஞ்சமாக, எதிரில் இருப்பவரின் நன்மைக்காக மட்டும் சொல்ல வேண்டும், தன் பாரத்தை இறக்கிவைக்கச் சொல்லக் கூடாது என்று படித்திருக்கிறேன். மற்றவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன்.

நான் அவளிடம் சொன்னது என் அண்ணனைப் பற்றி.

அண்ணன் இருபத்திரண்டு வயதில் துபாய்க்குப் போனான். அங்கே ஒரு மளிகைக் கடையில் எட்டு மாதம் வேலை பார்த்தான். திரும்பி வந்தபோது சுவருக்குள் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். வீட்டுக் குழாயை எல்லாம் பிடுங்கிப் பார்த்தான். அத்தா அவனை டாக்டர்களிடமும் தர்காக்களுக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தார். கடைசியில் திருச்சூர்ப் பக்கம் ஒரு மனநல இல்லத்தில் சேர்த்தார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், அவன் திரும்பவும் துபாய்க்கே போய்விட்டான் என்று அம்மா சொன்னாள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போனவர்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அத்தா டவுனில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் சோப்பும் சென்ட்டும் பால்பவுடர் டின்னும் வாங்கி வருவார். நானும் அம்மாவும் உட்கார்ந்து பொட்டலம் கட்டுவோம். மகன் கொடுத்தனுப்பினான் என்று சொந்தக்காரர்களுக்குக் கொடுப்போம். என் கல்யாணத்துக்கு அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது அவனுக்கு விசாவில் பிரச்சினை. அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேச முடியாது என்பதும் எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அண்ணனுக்கு மனநோய், ஓர் இல்லத்தில் இருக்கிறான், ஊருக்கு வேறு சொல்லி வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். “எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது” என்றும் சொல்லிவிட்டேன். அந்த வாக்கியம் அவளுக்காகச் சொன்னதில்லை.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். கரகரவென்று இருந்தது.

“அங்க பூட்டி வெப்பாங்களா டீச்சர்?”

“வார்டுக்குக் கதவு இருக்கு. ராத்திரி பூட்டுவாங்க. ஏம்மா?”

“எங்கம்மாவ நாங்கதான் பூட்டுறோம்.”

பாவாடைப் பையிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு சாவி இருந்தது.

பிறகு நிற்காமல் சொன்னாள். அம்மாவுக்கு இரண்டு வருடமாகச் சரியில்லை. சித்திரையில் ஒருநாள் துணியில்லாமல் தோட்டத்துக்குள் ஓடினாள். அப்பா தேடிக் கூட்டிவந்து, வீட்டுக்குப் பின்னால் விதைப்பூண்டு கட்டித் தொங்கவிடும் அறையில் வைத்துப் பூட்டினார். அம்மா உடுமலைப்பக்கம் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொன்னார்கள். காலையில் இவள் சோறு கொடுத்து, துடைத்துவிட்டு, துணி மாற்றி, பூட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். அதனால்தான் தாமதம்.

“வாயத் தொறந்தா இது வந்துருமோன்னு பயமா இருக்கும் டீச்சர். அதான் பேச மாட்டேன். மூணு மாசந்தான். கார்த்திகைல அக்காவுக்குக் கல்யாணம். அது முடிஞ்சதும் அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அப்பா சொல்லிருக்காரு. நீங்க யாருட்டயும் சொல்லிராதீங்க.”

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

எழுந்து போகும்போது, “கால்ல புண்ணு இருக்கு. மஞ்சப்பொடி வெச்சேன். சீழ் நிக்கவே மாட்டேங்குது” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மதியம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷமும், பல வருடம் சுமந்த ஒன்றை வாய்விட்டுச் சொல்லிவிட்ட லேசும் கலந்திருந்தன. எது எவ்வளவு என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம்தான் சீழ் என்ற வார்த்தை திரும்ப வந்தது. கவுன்சிலிங் தொடங்கும் முன் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு சம்மதப் பத்திரம் வாசித்துக் கையெழுத்து வாங்குவோம். மலையாளத்தில் அச்சடித்தது. நீ சொல்வது ரகசியமாக இருக்கும், ஆனால் யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிப்போம் என்பது அதன் கடைசி வரி. நானும் வாசித்திருந்தேன், மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில். அவளுக்கு அது புரிந்ததா என்று கேட்டதில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறையிலேயே கிடந்தேன். ஞாயிறு இரவு ஆய்வு வழிகாட்டியான பேராசிரியைக்குப் போன் செய்தேன். அவர் யோசிக்கவே இல்லை. “இதுல முடிவெடுக்க ஒண்ணுமில்ல. நாளைக்கே சொல்லணும். அந்தப் புள்ளைகிட்ட முதல்ல சொல்லிட்டு அப்புறம் ரிப்போர்ட் பண்ணு” என்றார்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. நான் காத்திருக்கவில்லை. தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பஞ்சாயத்து மெம்பருக்கும் போன் செய்தார். பதினொரு மணிக்கெல்லாம் ஜீப் கிளம்பிவிட்டது. டாக்டர், நர்ஸ், ஆஷா சுகாதாரப் பணியாளர், மெம்பர், நான்.

அந்த வீட்டுக்குப் போகும் பாதை தோட்டங்களுக்கு நடுவில் படிபடியாக ஏறியது. ஜீப் நின்ற இடத்திலிருந்து நாங்கள் நடந்தபோது, களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை உதறிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார்கள். வீட்டு வாசலை அடைந்தபோது ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். அவளுடைய அப்பா அறைக் கதவுக்கு முன்னால் நின்றார். தடுக்கவில்லை. மெம்பர் காதில் ஏதோ சொன்னதும் ஒதுங்கிக்கொண்டார். சாவி மகளிடம் இருந்தது. அவள்தான் வந்து திறக்க வேண்டியிருந்தது.

உள்ளே மேலே வரிசையாகப் பூண்டுக் கட்டுகள் தொங்கின. புகையும் பூண்டும் சீழும் கலந்த வாடை. அந்த அம்மா மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பின்னி, நுனியில் பள்ளிக்கூட ரிப்பன் கட்டியிருந்தது. நர்ஸ் காலைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்தார். கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனபோது அந்த அம்மா கத்திய கத்தலில் வாசலில் நின்ற குழந்தைகள் அழுதன.

அந்தப் பெண் வாசல் திண்டில் சாய்ந்து நின்றாள். நான் பக்கத்தில் போய், “அம்மா காலு ரொம்ப மோசமா இருந்துச்சு. அதனாலதான்…” என்று தொடங்கினேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். “நான் உங்க அண்ணனப் பத்தி யாருட்டயும் சொல்லல டீச்சர்.”

இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் காலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். பள்ளியில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரமே ஆள் அனுப்பி நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை நனைத்து வாரியிருந்தார். சண்டை போடப் போகிறார் என்று தலைமையாசிரியையும் கூடவே வந்து உட்கார்ந்தார். அந்த அப்பா குரலை உயர்த்தவே இல்லை.

“டீச்சர், எம்பொண்ணு எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிருச்சு. உங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காராமே. உங்க கல்யாணம் முடியிற வரைக்கும் உங்க அப்பா வெளிய சொல்லாமத்தான இருந்தாரு?”

தலைமையாசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதத்தான் நானும் கேட்டேன். மூணு மாசம்.”

மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்று எழுதிக் கொண்டுவந்த தாளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். காலுக்கு வைத்தியம் செய்யாமல் விட்டது தவறு என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். எங்கள் அண்ணன் பூட்டிய அறையில் புழுத்துக் கிடக்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை. இரண்டும் அவர் கேட்டதற்குப் பதில் அல்ல.

காந்தலூரில் பூண்டு எடை போடும் இடத்தில் பேசாத பேச்சு இல்லை. கணவரின் அண்ணன் அடுத்த வாரம் லாரியோடு வந்தார். என் அறைக்கு எப்போதும் ஒரு பை காரட் கொடுத்தனுப்புவார். அந்த வாரம் கொடுத்தனுப்பவில்லை.

நான் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி செய்திருந்தேன். சாப்பிடும்போது கணவர் மகளோடு பள்ளிக்கூடக் கதை பேசிக்கொண்டிருந்தார். அவள் கை கழுவ எழுந்து போனதும் கேட்டார்.

“உங்க அண்ணன் இப்ப துபாய்ல எங்க வேலை பாக்குறாரு?”

அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர் குரலிலேயே இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. ஒருவர் தன் ரகசியத்தைத் துணையிடம் சொல்லும்போது எப்படித் தொடங்க வேண்டும், எதிரில் இருப்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று நான் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தேன்.

“இப்ப ஷார்ஜாவுக்கு மாறிட்டாருங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். யோசித்துச் சொன்னதில்லை. யாராவது அண்ணனைப் பற்றிக் கேட்டால் என் வாய் இருபது வருடமாக அப்படித்தான் அசைந்து பழகியிருந்தது.

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். “கல்யாணமாகி பதினோரு வருஷம்” என்றார். “அவருக்கு உடம்பு சரியில்லன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்? உன்ன அனுப்பியிருப்பேனா? மாசம் ஒரு தடவ உன்கூட வந்து பாத்திருப்பேன். காந்தலூர்ல ஒரு ஸ்கூல் புள்ளைக்குச் சொல்லத் தோணிருக்கு உனக்கு. எனக்கு இப்பவும் ஷார்ஜாங்குற.”

“பயமா இருந்துச்சுங்க.”

“என்னப் பாத்தா?”

ஆம் என்றாலும் தவறு, இல்லை என்றாலும் தவறு. அவர் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். அதற்கு முன் ஒருநாளும் அவர் அப்படிச் செய்ததில்லை.

வெளியே தெரிந்துவிட்டதை என் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. பீரோவைத் திறந்து எதையோ தேடுவதுபோல நின்றாள். “அவனுக்காகவா மறைச்சேன்? உனக்காகத்தான்டி. படிச்ச புள்ள நீ, வாய மூடிட்டு இருப்பேன்னு நெனச்சேன்” என்றாள்.

கணவர் என்னை விட்டுப் போகவில்லை. என்னிடம் கோபித்துப் பேசியதும் இல்லை. என்ன வாங்கிவர வேண்டும், பால் வந்ததா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று கேட்பார். கடையில் யாரோடு என்ன தகராறு, யாரைப் பார்த்தார், எதற்குச் சிரித்தார் என்று முன்பெல்லாம் வந்து சொல்வாரே, அது நின்றுவிட்டது. நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும், அது உண்மையா என்று பார்ப்பதுபோல ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார். அந்த ஒரு கணத்துக்குப் பயந்தே நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

மாமியார் என் மகளை உற்றுக் கவனிக்கத் தொடங்கினார். அவள் தனியாக விளையாடும்போது வாய்க்குள் ஏதாவது பேசுவாள். எல்லாப் பிள்ளைகளும் பேசுவதுதான். மாமியார் அடுக்களை வாசலில் நின்று அதைக் கேட்பார். “யாருகூடப் பேசுற?” என்பார். சும்மா என்பாள் அவள். “சும்மா எதுக்குப் பேசணும்?” என்பார். ஒருநாள் கணவரும் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். நான் பார்த்தது தெரிந்ததும் தாளை உயர்த்திக்கொண்டார். இப்போதெல்லாம் விளையாடும்போது அவள் வாய் அசைவதில்லை.

அந்த வருடம் முடிந்ததும் என் ஒப்பந்தம் முடிந்தது. திரும்ப விண்ணப்பிக்கவில்லை. ஆய்வில் முடிவுரை மட்டும் பாக்கி. பேராசிரியை இரண்டு முறை கேட்டார். மனசு விட்டுப் பேசினால் உறவு வலுப்படும் என்று எழுத வேண்டும். தாள்கள் அதைத்தான் சொல்லின, நான் பொய் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் கை வரவில்லை. மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. தாள்கள் சாக்கில் கட்டிப் பரணில் கிடக்கின்றன.

காந்தலூர் அறையைக் காலி செய்யப் போன அன்று அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். அதற்கு முந்தின வாரம்தான் அவள் அம்மா இருந்த மனநல மையத்துக்குப் போயிருந்தேன். கால் ஆறியிருந்தது. மருந்தில் சத்தமும் அடங்கியிருந்தது. வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் கூட்டிப்போக ஆள் வருவதில்லை, சேர்த்த நாளிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். நான் போய் நின்றபோது அந்த அம்மா என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

அந்தப் பெண் தோட்டத்தில் மண்ணைக் கிளறிப் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். உயரமாகியிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்தாள்.

“வாங்க டீச்சர். நல்லாருக்கீங்களா? சாப்ட்டீங்களா?”

அவள் என்னிடம் சிரித்து நான் பார்த்ததில்லை. குரல் தெளிவாக இருந்தது. எங்கே படிக்கிறாய் என்று கேட்டேன். வேறு ஸ்கூலில் சேர அப்பா ஏற்பாடு செய்கிறார் என்றாள். அக்கா எப்படி இருக்கிறாள் என்றேன். நல்லா இருக்கா, வேற இடம் பாக்குறாங்க என்றாள்.

“அம்மாவப் பாக்கப் போனியா?”

“போன வாரந்தான் எல்லாரும் போயிட்டு வந்தோம் டீச்சர். நல்லாருக்காங்க. எங்களப் பாத்து சிரிச்சாங்க.”

கண் இமைக்காமல் சொன்னாள். எங்கேயும் தடுக்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள்.

“உங்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்” என்றேன்.

“அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்” என்றாள் உடனே. தூக்குவாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள். “மழ வருது டீச்சர். பஸ்ஸு போயிரும்” என்று சொல்லிவிட்டு, குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினாள்.

பாதை வழுக்கியது. கீழே ரோட்டில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் ஏறினேன். உடுமலைக்கு ஒரு டிக்கெட் என்றேன். சில்லறை இல்லையா என்று கண்டக்டர் கேட்டார்.